கிரேன் நின்ற ஒரு நிமிடம்

சிவப்பு விளக்கின் கீழே முதலாளியின் சுட்டுவிரல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த விரல் காகிதத்தின் வலது ஓரத்தைத் தட்டியது.

“இன்னா இது, குச்சி மாதிரி?”

“கிரேன் சார்.”

“வால் நட்சத்திரம் படத்துல கிரேனுக்கு இன்னா வேல? வெட்டிடு.”

“வெட்ட மாட்டேன் சார்.”

படம் கழுவும் டார்க் ரூமில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான்கு வருடமாக அந்த போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்து வந்தேன். ‘சரி சார்’ என்பதைத் தவிர வேறு வார்த்தை அவரிடம் நான் பேசியதில்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரைவிட நான்தான் அதிகம் திடுக்கிட்டேன்.

படம் கழுவும் மருந்தான ஹைப்போவின் வாடை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. தட்டில் ஈரப்படம் மிதந்தது. கறுப்பு வானம், சாய்ந்த வெள்ளை வால், கீழே கடல், வலது ஓரத்தில் கிரேன். அந்தக் கிரேனுக்குள் என் அண்ணன் உட்கார்ந்திருந்தான். படத்தில் அவன் தெரிய மாட்டான். எனக்குத் தெரிவான்.

வெட்டுகிற கை

ராயபுரத்தில் மாதா கோவிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது எங்கள் ஸ்டுடியோ. முதலாளி முன்னால் நின்று படம் எடுப்பார். பின்னால் இருட்டில் கழுவுவது, பெரிதாக்குவது, வெட்டுவது எல்லாம் என் வேலை. பெண்பிள்ளையை இருட்டறைக்குள் விடலாமா என்று தெருவே ஒரு காலத்தில் பேசியது. பேசிவிட்டு, தங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தைக் கழுவ என்னிடம்தான் கொடுத்தது.

வெட்டுவதில் என் கை பேர் வாங்கியது. பாகப் பிரிவினையில் சண்டை போட்டவர்கள் குடும்பப் படத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். “ஓரத்துல நிக்கறவர் வேணாம்மா” என்பார்கள். வெட்டித் தருவேன். ஆள் போய்விடுவார். ஆனால் பக்கத்தில் நிற்பவரின் தோளில் அவருடைய நாலு விரல் மட்டும் தங்கிவிடும். ரீடச்சிங் பென்சிலை எடுத்து அந்த விரல்களையும் மறைப்பேன். எத்தனை சித்தப்பாக்களை இப்படி இல்லாமல் ஆக்கினேன் என்று எனக்கே தெரியாது. அப்போது அது பாவமாகத் தோன்றவில்லை. வேலையாகத்தான் தோன்றியது.

நேராக்குவதும் என் வேலைதான். தலை சாய்ந்த பாஸ்போர்ட் படத்தை இரண்டு கண்ணையும் ஒரே மட்டத்தில் வைத்து நேராக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தில் விழவைக்கும் என்லார்ஜரில் நெகட்டிவ் அசையாது. கீழே காகிதம் பிடித்திருக்கும் பலகையைத்தான் திருப்ப வேண்டும். கொஞ்சம் திருப்பினால் காகிதத்தின் மூலைகள் படத்துக்கு வெளியே போய், அங்கே வெள்ளைத் துண்டு விழும். அதை மறைக்க என்லார்ஜர் தலையை மேலே ஏற்றிப் படத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் நாலு பக்கமும் ஏதாவது வெளியே போகும். சுருக்கமாகச் சொன்னால், நேராக்க நேராக்கப் படம் குறையும்.

கடைசியாக முத்திரை. படத்தின் முதுகில் கீழ்ப்பக்கமாக ஸ்டுடியோ ரப்பர் ஸ்டாம்ப் குத்த வேண்டும். படத்தைப் புத்தகத்தின் பக்கம் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் புரட்டிக் குத்த வேண்டும் என்பது எங்கள் கடைச் சட்டம். தோசையைப் போல் மேலிருந்து கீழாகப் புரட்டினால் முத்திரை தலைகீழாகிவிடும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மணி அடித்ததும்

அந்த வருடம் வால் நட்சத்திரம் வந்தது. விடியும் முன்னே, வெள்ளாப்பில், கடலுக்கு மேலே, துறைமுகப் பக்கமாக, வெள்ளையாய் நிற்கும். எங்கள் பக்கத்து மீனவர்கள் அதைத் ‘தொடப்பக்கட்ட’ என்றார்கள். தொழிலுக்குப் படகு தள்ளும் நேரத்தில் முகத்துக்கு நேரே தெரிந்தால் பெயர் வைக்காமல் இருப்பார்களா? யாரோ பெரிய மனிதர் சாகப்போகிறார் என்றும் பேச்சு இருந்தது. எங்கள் அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள்.

அதைப் படம் எடுக்க வேண்டும் என்று எனக்குப் பைத்தியம் பிடித்தது. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு ஹாலில் புகைப்படக் கண்காட்சி நடக்கப்போவதாகவும் அதில் ஆகாயத்துக்கென்று ஒரு பகுதி இருப்பதாகவும் முதலாளி சொல்லியிருந்தார். “நீ எடு பிலோமி. கடை பேர்ல அனுப்பலாம்” என்று மேலும் கீழும் லென்ஸ் வைத்த இரண்டு கண் கேமராவை அவரே கொடுத்தார். நல்ல மனிதர்தான். விடியற்காலையில் எழுந்திருப்பதுதான் அவருக்கு ஆகாது.

இரண்டு நாள் எடுத்தேன். இரண்டு நாளும் வீண். துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனியின் கிரேன் சரியாக அந்தப் பக்கம் நின்றது. அதன் கழுத்து ஆடிக்கொண்டே இருக்கும். உச்சியில் ஒரு பெரிய விளக்கு. அதன் வெளிச்சம் லென்ஸில் விழுந்து வானம் முழுக்கப் பால் கொட்டியதுபோல் ஆகிவிட்டது.

அந்தக் கிரேனை ஓட்டுவது என் அண்ணன் ஆரோக்கியம்.

“அண்ணா, ஒரு நிமிஷம் நிறுத்துவியா? லைட்டயும் அணைக்கணும்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். “இன்னா வெளாட்றியா? கீழ போர்மேன் நின்னுகினு கீறான். நிறுத்துனா மெமோதான்.”

“சரி, வுடு.”

மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்தான்.

“எவ்ளோ நேரம்?”

“மூணு அருள் நிறை மந்திரம் சொல்ற நேரம்.”

எங்கள் வீட்டில் நேரத்தை இப்படி மாதா செபத்தால்தான் அளப்போம். டார்க் ரூமிலும் நான் கடிகாரம் பார்ப்பதில்லை. டெவலப்பரில் படம் வர இத்தனை செபம், ஹைப்போவில் இத்தனை என்று கணக்கு. சின்ன வயதிலிருந்து ராத்திரி செபமாலையை ஒன்றாக முட்டி போட்டுச் சொன்னவர்கள் நாங்கள். அண்ணன் சில நாள் ரயில் வேகத்தில் சொல்லி அம்மாவிடம் திட்டு வாங்குவான். ஆனால் ஒழுங்காகச் சொன்னால் எங்கள் இருவர் வாயும் ஒரே நேரத்தில் ஆமென் சொல்லும். நான் கரையில், அவன் கிரேன் மேலே. கோவிலில் முதல் மணி அடித்து ஓய்ந்ததும் இரண்டு பேரும் ஆரம்பிப்பது என்று பேசிக்கொண்டோம்.

மூன்றாம் நாள் கரையில் கிடந்த கட்டுமரத்தின் மேல் கேமராவை வைத்து, அடியில் மரச்சில்லு செருகினேன். மணல் ஈரமாக இருந்தது. கருவாட்டு வாடையும் நிலக்கரிப் புகையும் கலந்து வீசின. மணி அடித்தது. கடைசி அடி ஓய்ந்தது. கிரேன் விளக்கு பட்டென்று அணைந்தது. ஆடிக்கொண்டிருந்த கழுத்து அப்படியே நின்றது.

ஷட்டரைத் திறந்து செபத்தைத் தொடங்கினேன். அவ்வளவு பெரிய இரும்பு எனக்காக நின்றது. மூன்று முடிந்ததும் மூடினேன். விளக்கு வரவில்லை. நான்காவதும் ஐந்தாவதும் சொல்கிற நேரம் ஆன பிறகுதான் எரிந்தது.

“மூணுதான சொன்னேன்?” என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“உனுக்குப் பத்தலேனா இன்னா பண்ணுவ? அதான் ரெண்டு சேத்து சொன்னேன்.”

சாயும் கிரேன்

நெகட்டிவைக் கழுவித் தூக்கிப் பார்த்ததும் அழுதுவிட்டேன். வால் நட்சத்திரம் முழுதாக விழுந்திருந்தது. கடலும் இருந்தது. கிரேன் ஒரு துளி அசையாமல், கம்பி கம்பியாக நின்றது.

ஆனால் எல்லாம் சாய்ந்திருந்தது. ஈர மணலில் கட்டுமரம் ஒரு பக்கமாக இறங்கியிருக்கிறது. முதல் படத்தை அண்ணனிடம் காட்டினேன். வால் நட்சத்திரத்தை அவன் பார்க்கவே இல்லை.

“இன்னா பிலோமி, கிரேனு சாயுது? இத்த எவனாச்சும் பாத்தான்னா நான் கவுத்துட்டேன்னு சொல்லுவான். நிமித்து.”

நிமிர்த்தினேன். கடல் கோடு மட்டமாகும்வரை பலகையைத் திருப்பினேன். நாலு மூலையிலும் வெள்ளை விழுந்தது. வெள்ளையைப் போக்கப் படத்தைப் பெரிதாக்கினால் கிரேன் பாதியாய் அறுந்தது. கிரேனை இழுத்து உள்ளே வைத்தால் வாலின் நுனி போயிற்று. ஒரு நாள் முழுக்கப் பலகையை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில், வெள்ளை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தேன். கடல் நேர், கிரேன் நேர், வால் முழுசு, நாலு மூலையில் நாலு வெள்ளை முக்கோணம். அந்தப் படத்தின் மேல்தான் முதலாளியின் விரல் வந்து தட்டியது.

“மூலைல வெள்ள, ஓரத்துல கிரேனு. கலீஜா கீது. இத்த அனுப்புனா கடை மானம் போயிடும்.”

அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். “உங்கண்ணனுக்கு மெமோ வந்துகீதாமே? தெருவுல பேசிக்கறாங்க.”

வந்திருந்தது. கோவிலில் முதல் மணி அடித்த நேரத்தில் கிரேனை ஏன் நிறுத்தினாய், விளக்கை ஏன் அணைத்தாய் என்று கேட்டு, பதில் சொல்ல ஒரு கெடுவும் போட்டிருந்தார்கள். கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் ஒரே யோசனை சொன்னார்கள். ‘வயர் லூஸ் ஆயிடுச்சி’ என்று எழுதிக் கொடு, முடிந்தது. அண்ணன் எழுதாமல் வைத்திருந்தான்.

“மெஷினு ரிப்பேர்னு அவன் எழுதுவான். நீ பளபளன்னு கிரேன் நிக்கற படத்த மவுண்ட் ரோட்ல மாட்டுவ. எவனாச்சும் பாத்தா? தங்கச்சி படத்துக்காத்தான் நிறுத்துனான்னு தெரிஞ்சா பேஜாராயிடும் பிலோமி. வெட்டிடு.”

அண்ணன் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அன்று சாயந்திரம் கட்டர் பலகையின் மேல் படத்தை வைத்துவிட்டேன். கத்தி கிரேனுக்கு நேராக இருந்தது. எத்தனையோ சித்தப்பாக்களை வெட்டிய கத்தி. எனக்காக நின்றவனை நானே வெட்டுவதா? கை இறங்கவில்லை. படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணன் கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கிப் பார்த்தான்.

“இதுல நான் எங்க கீறேன்?”

கிரேன் கழுத்துக்குக் கீழே அரிசி அளவு இருந்த கூண்டைக் காட்டினேன்.

“நல்லா நிக்குது இல்ல?”

“நிக்குது அண்ணா.”

“அப்போ வெட்டாத. கப்பல்ல மூட்டைய இறக்க தெனம் எத்தினி நிமிஷம் ஆட்றேன். எவனும் படம் புடிக்கல. நின்னது ஒரே ஒரு நிமிஷம். அது உன் படத்துல கீது. அத்தயும் வெட்டிட்டா நான் இன்னாத்துக்கு நின்னேன்?”

தலைகீழ்

வெள்ளை மூலைகளோடு படத்தைக் கவரில் வைத்து முதலாளியிடம் கொடுத்தேன். அவர் கவரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மேசை டிராயரில் போட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கண்காட்சிக்கு அண்ணன் மாதா திருநாளுக்குப் போடும் சட்டையில் வந்தான். ஹாலில் மின்விசிறி சுற்றியது. வந்தவர்கள் எல்லாம் கோவிலில் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினார்கள். நான் சுவர் சுவராகக் கிரேனைத் தேடினேன். எங்கும் இல்லை.

“பிலோமி, இங்க ஒண்ணு கீது. உன்னுதான்னு பாரு” என்று கூப்பிட்டான். “ஆனா கீழ வுழுது.”

போய்ப் பார்த்தேன். வானம் மட்டும் இருந்த ஒரு சதுரப் படம். கிரேன் இல்லை. கிரேனை ஒழிக்க நெருக்கி வெட்டியதில் கடலும் போய்விட்டது. வால் நட்சத்திரம் தலையை மேலேயும் வாலைக் கீழேயும் வைத்துத் தொங்கியது. கீழே கடையின் பெயர், முதலாளியின் பெயர். என் பெயர் இல்லை.

எனக்கு வந்த கோபத்தை இத்தனை வருடம் கழித்தும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

“இது தலைகீழா இருக்கு” என்று சத்தமாகவே சொன்னேன். ஹாலில் எல்லாரும் திரும்பினார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வந்தார். கண்காட்சியின் நடுவர் அவர்தான். “தலைகீழ் இல்லேம்மா. டெலஸ்கோப்ல பாத்தா இப்படித்தான் தெரியும். உங்களுக்குப் புரியாது” என்று சிரித்தார்.

“டெலஸ்கோப்ல எடுக்கல சார். கட்டுமரத்து மேல வெச்சு நான் எடுத்தேன்.”

அவர் அண்ணனைப் பார்த்தார், திருநாள் சட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

“சார், நீங்க இத்த நேர்ல பாத்தீங்களா?”

“பேப்பர்ல போட்டிருந்தாங்களே.”

“நேர்ல?”

“எங்க பக்கம் ஒரே மரம். அந்த நேரத்துல எழுந்து…”

“நாங்க தெனம் பாத்தோம் சார். சூரியன் கடலுக்குக் கீழ கீது. வாலு அதுக்கு எதிர்ப்பக்கமா மேல போவுது. கடலுக்குப் போறவன், ஷிப்டு முடிச்சி வர்றவன், பால் கொண்டாறவன், அத்தினி பேரும் பாத்துகீறோம். ராயபுரத்துல எந்தக் கொழந்தையக் கேட்டாலும் வாலு மேலன்னு சொல்லும்.”

நடுவர் படத்தைச் சட்டத்தோடு சுவரிலிருந்து கழற்றித் திருப்பிக் காட்டினார். முதுகில் எங்கள் கடை முத்திரை நேராக இருந்தது. “முத்திரையைப் பாத்துத்தான் மாட்டினோம்” என்றார்.

அப்போதுதான் மூலையில் நின்றிருந்த முதலாளியைப் பார்த்தேன். என் நெகட்டிவில் அவரே ஒரு படம் போட்டு, அவரே வெட்டி, அவரே முத்திரையும் குத்தியிருக்கிறார். தோசையைப் போல் புரட்டிக் குத்தியிருக்கிறார்; முத்திரை நேரானால் படம் தலைகீழ்.

“மொகம் இல்லாத படமாச்சே பிலோமி. எது தல, எது காலுன்னு எனுக்கு இன்னா தெரியும்?” என்றார். அவர் முகம் வாடியிருந்தது. “ஆரோக்கியம் வேலைக்குத்தான் பயந்தேன். சத்தியமா.”

“என் வேலைய நான் பாத்துக்கறேன் சார்” என்றான் அண்ணன்.

படத்தைத் திருப்பி மாட்டுவதாக நடுவர் சொன்னார். என் பெயரையும் எழுதுவதாகச் சொன்னார். கிரேனோடு இருக்கும் படத்தை மாட்டுவீர்களா என்று கேட்டேன்.

“ஆகாயப் பகுதியில கிரேன் எப்படிம்மா?”

“அந்தக் கிரேன் லைட்ட அணைச்சு நிக்கலன்னா உங்களுக்கு ஆகாயமே இல்ல சார். அது வேணாம்னா இதுவும் வேணாம். குடுங்க.”

சட்டத்திலிருந்து படத்தை உருவி வாங்கிக்கொண்டு நடந்தேன். காலிச் சட்டம் நடுவர் கையிலேயே இருந்தது. முதலாளி பின்னாலேயே ஓடிவந்து எங்களோடு பஸ்ஸில் ஏறினார்.

விளக்கம்

மறுநாள்தான் மெமோவுக்குப் பதில் சொல்லக் கடைசி நாள். அண்ணன் காலையில் ஸ்டுடியோவுக்கு வந்தான். வெள்ளை மூலைப் படத்தில் ஒரு பிரதி கேட்டான். கொடுத்தேன். அதைப் பக்கவாட்டில் புரட்டி, முதுகில் என் பேனாவால் எழுதினான். அவன் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும்.

‘இயந்திரத்தில் கோளாறு இல்லை. நான்தான் நிறுத்தினேன். காரணம் மறுபக்கம் பார்க்கவும். ஆரோக்கியம், கிரேன் டிரைவர்.’

முதலாளி ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வந்தார். குத்தாமல் என்னிடம் நீட்டினார்.

“நீயே குத்து பிலோமி. நான் குத்துனா மறுபடியும் தலகீழா போயிடும்.”

கீழ்ப்பக்கமாக, நேராகக் குத்தினேன்.

அண்ணனுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். வேலை போகும் என்று நினைத்திருந்தோம், போகவில்லை. அந்த ஒரு வாரமும் அவன் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றான். ஏனென்றால் முதலாளி ஷோகேஸில் இருந்த கல்யாண ஜோடியை எடுத்துவிட்டு என் படத்தை, கிரேனும் வெள்ளை மூலையுமாக, என் பெயர் போட்டு மாட்டியிருந்தார். ஷிப்டு விட்டு வருகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார்கள். வால் நட்சத்திரத்தை ஒருவரும் காட்டவில்லை, அது அவர்கள் தினம் பார்த்ததுதானே. “அதோ நம்ம ஆரோக்கியம் கிரேனு” என்று கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டுவார்கள். தினமும் சாயந்திரம் அந்த விரல் தடங்களைத் துடைப்பது என் வேலையாயிற்று. அவ்வளவு பெருமையாக நான் வேறு எதையும் துடைத்ததில்லை.

அண்ணன் இறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகின்றன. கம்பெனியிடம் கொடுத்த அந்தப் பிரதி திரும்பி வரவே இல்லை. நெகட்டிவ் மட்டும் என்னிடம் இருக்கிறது.

அதிலிருந்து ஒரு படம் போட்டு, நீங்கள் படிக்கும் இந்த வாரக் கட்டுரையோடு பத்திரிகைக்கு அனுப்பினேன். பத்திரிகையில் பக்கம் அமைப்பவர் நேற்று போனில் கூப்பிட்டார். ரொம்பப் பணிவாகப் பேசினார். “அம்மா, பத்திக்குள்ள படம் அடங்கல. மூலையில வெள்ளையா இருக்கு. வலது பக்கம் கொஞ்சம் எடுத்துட்டா அழகா உட்காரும்” என்றார்.

எடுத்துவிட்டால் கட்டுரையையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். சரி அம்மா என்றார். முன்பு நானும் நான்கு வருடம் ‘சரி சார்’ சொன்னவள் என்பதால் அந்தச் ‘சரி’யை நான் முழுசாக நம்பவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேலை. படத்தைப் பாருங்கள். வால் மேலே இருக்க வேண்டும். வலது ஓரத்தில் கிரேன் இருக்க வேண்டும். அதன் கழுத்துக்குக் கீழே அரிசி அளவில் ஒரு கூண்டு இருக்க வேண்டும். அதற்குள் என் அண்ணன் மூன்றாவது மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறான்; இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்வான். அவன் இல்லையென்றால் உடனே எனக்கு எழுதுங்கள். பத்திரிகை ஆபீசுக்கு எந்த பஸ் போகும் என்று எனக்குத் தெரியும்.